அத்தைக்காக ஒரு மெட்டு

என் மாமனாரின் அறைச் சுவரில் தொங்கும் பிடிலுக்குச் சுருதி சேர்ப்பது யார்? எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது.

வயலின் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் புரியும். வாசிக்காமல் விட்ட வயலின் ஒரு மழைக்காலத்தைத் தாங்காது. கம்பியை முறுக்கிப் பிடித்திருக்கும் பிருடைகள் ஈரத்தில் ஊறும், வெயிலில் சுருங்கும், கம்பி தொளதொளவென்று ஆகிவிடும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் ஸ்ரீரங்கத்தில் உப்புகூட ஜாடியில் நீர்த்துப்போகிறது. அந்தப் பிடிலை யாரும் வாசித்து என் மகளின் வயதைவிட அதிக வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் அது சுருதியோடு இருக்கிறது.

நான் இயற்பியல் படித்தவள். மகள் பிறக்கும்வரை ஒரு பள்ளியில் பிளஸ் டூ மாணவர்களுக்குப் பாடம் எடுத்தேன். ஒரே அதிர்வெண் கொண்ட இரண்டு இசைக்கவைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றைத் தட்டினால் மற்றதும் ஒலிக்கும், அதற்கு ஒத்ததிர்வு என்று பெயர் எனக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். ஆகவே, ஹாலில் என் மகள் வாசிக்கும்போது உள்ளறைச் சுவரில் இருக்கும் பிடில் ஏன் கூடவே முனகுகிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தாலும் கழுத்துக்குப் பின்னால் சில்லிடுகிறது. எனக்குத் தெரியாதது, முனகும் அளவுக்கு அது சுருதியில் எப்படி நிற்கிறது என்பதுதான்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் நான்கு பேர். நான், கணவர், நான்காம் வகுப்பு படிக்கும் மகள், மாமனார். மாமனார் திருவெறும்பூர்ப் பக்கம் உள்ள ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவரும் அதே பக்கம்தான் ஷிப்டுக்குப் போகிறார். மாமியார் என் திருமணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். அவருடைய படம் ஹாலில் மாலையோடு இருக்கிறது. கணவருக்கு ஒரு தங்கை இருந்தாள் என்பதும், கல்லூரியில் படிக்கும்போது காய்ச்சல் வந்து இறந்துபோனாள் என்பதும் பெண் பார்க்க வந்த அன்று ஒரே வாக்கியத்தில் எங்களுக்குச் சொல்லப்பட்டது. அதற்குப் பிறகு அவளைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. அவளுக்குப் படம் இல்லை. பெயரைச் சொல்வதில்லை. பிடில் மட்டும் மாமனாரின் கட்டிலுக்கு எதிரே ஆணியில் தொங்கியது. வந்த புதிதில் கணவரிடம் கேட்டேன்.

"அது யாரோடதுங்க?"

"தங்கச்சியோடது. அப்பா முன்னாடி கேட்டுடாத."

நான் கேட்கவில்லை. சொன்னதைக் கேட்கும் மருமகள் என்று பெயர் எடுத்திருந்தேன். அதைக் காப்பாற்றிக்கொள்ளும் ஆசையும் இருந்திருக்கலாம்.

மகளுக்கு முதலில் கர்நாடக சங்கீத வயலின்தான் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தோம். சப்பணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது என்று அழுவாள். ஒருநாள் அவள் பள்ளி விழாவுக்குப் பொன்மலையிலிருந்து ஒரு பிள்ளைகள் குழு வந்து வாசித்தது. பள்ளிக்கூடம் போகிறவர்களும் கல்லூரிக்குப் போகிறவர்களுமாக இருபது பேர் இருப்பார்கள். எல்லாரும் நின்றுகொண்டு, தரையில் குதிகாலைத் தட்டிக்கொண்டு, ஒரே வேகத்தில் வில்லை இழுத்தார்கள். ஸ்காட்லாந்து நாட்டுக் கிராமியப் பிடில் இசை என்று அறிவித்தார்கள். என் மகள் இருக்கையிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஸ்கூட்டரின் பின்னால் இருந்து என் முதுகில் தாளம் போட்டுக்கொண்டே வந்தாள்.

அந்தக் குழுவை நடத்துபவள் என்னைவிட இளையவள். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். நர்ஸாக ஸ்காட்லாந்தின் வடக்கில் ஒரு ஊரில் சில வருடங்கள் இருந்திருக்கிறாள். அந்த ஊர்ப் பிள்ளைகள் தங்கள் பழைய மெட்டுகளை விட்டுவிடக் கூடாது என்று சேர்ந்து நடத்தும் இளையோர் குழுவில் இவளும் போய் வாசித்திருக்கிறாள். திரும்பி வந்ததும் இங்கே ஒன்றைத் தொடங்கினாள். சனிக்கிழமை சாயங்காலம் நமக்கு, அங்கே மத்தியானம். ஒரு பெரிய திரையில் அந்தப் பிள்ளைகள் வருவார்கள். ஒரு வரி வாசிப்பார்கள், நம் பிள்ளைகள் திருப்பி வாசிப்பார்கள். காகிதம் கிடையாது. எழுதி வைத்துக் கற்றால் மெட்டு காகிதத்தில்தான் இருக்கும், காதில் இருக்காது என்பது அவர்கள் கட்சி.

"எதுக்கு மேடம் திருச்சில உக்காந்துக்கிட்டு ஸ்காட்லாந்து பாட்டு?" என்று ஒரு பையனின் அப்பா ஒருமுறை கேட்டார்.

"சார், உங்க பையன் பரோட்டா சாப்பிடுறான்ல, அது என்ன திருச்சி நெல்லுலயா செஞ்சது?" என்றாள் அவள். அவர் சிரித்துவிட்டார். எனக்கும் அவளைப் பிடித்துப்போயிற்று.

சனிக்கிழமைதோறும் நான்தான் மகளை அழைத்துப் போவேன். காவிரிப் பாலம் தாண்டி, பால்பண்ணைச் சந்திப்பின் நெரிசலில் சிக்கி, பொன்மலையின் மரநிழல் சாலைக்குள் நுழையும்போது எனக்கே தோளின் இறுக்கம் தளரும். வகுப்பு முடியும்வரை பின் வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். மற்ற அம்மாக்கள் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். என்னால் முடியாது. அவள் நன்றாக வாசிக்கிறாளா என்பதைவிட, மற்ற பிள்ளைகள் அவளிடம் பேசுகிறார்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சென்ற ஆடி மாதத்தில் புது மெட்டு ஒன்று வந்தது. குதித்து ஆடும் வகை இல்லை. மெதுவானது, இறந்தவருக்காக வாசிப்பது. திரையில் ஒரு செம்பட்டை முடிப் பெண் அதற்கான முறையைச் சொன்னாள். வாசிப்பதற்கு முன் யாருக்காக என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். முடித்த பிறகு கை தட்டக் கூடாது. கடைசிச் சுரம் காற்றில் முழுக்க அடங்கும்வரை வில்லை இறக்கக் கூடாது. இந்த மெட்டுக்குப் பிடிலின் கம்பிகளை வேறு மாதிரி சேர்க்கவும் வேண்டும். குழுவின் தலைவி அதைச் செய்து காட்டியபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அது ச-ப-ச-ப. நம் ஊரில் வயலினுக்கு எப்போதும் சேர்ப்பதுதான்.

"அவங்க சில மெட்டுக்கு மட்டும்தான் இப்பிடி சேப்பாங்க" என்றாள். "அப்பதான் வில்லு படாத கம்பியும் கூடவே பேசும்."

பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒரு பெண் தன் தாத்தாவுக்கு என்றாள். ஒருவன் செத்துப்போன நாய்க்கு என்றான். இன்னொருவன், "எங்கப்பா வித்துட்ட யமஹா வண்டிக்கு" என்று சொல்ல, அறையே சிரித்தது. "வண்டி சாகலடா, மணப்பாறைல ஓடிக்கிட்டிருக்கும், உக்காரு" என்றாள் தலைவி. என் மகளின் முறை வந்தது.

"எங்க அத்தைக்கு" என்றாள்.

நான் நாற்காலியில் நிமிர்ந்தேன். எங்கள் சொந்தத்தில் அத்தை என்று அழைக்க அவளுக்கு வேறு யாரும் இல்லை. எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. இறந்துபோன ஒருத்தியைப் பற்றி நானும் சொல்லவில்லை, கணவரும் சொல்லவில்லை. மாமனார் சொல்வார் என்பதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

வீட்டுக்குப் போகும்வரை பொறுக்க முடியாமல், காவிரிப் பாலத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தினேன்.

"அத்தையப் பத்தி யாரும்மா சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல."

"அப்பறம்?"

"தாத்தா ரூம்ல வயலின் இருக்குல்ல? யாராவது வாசிச்சிருக்கணும்ல? அப்பாவுக்கும் வாசிக்கத் தெரியாது, தாத்தாவுக்கும் தெரியாது. பாட்டியோடதுன்னா பாட்டி போட்டோக்கு மாதிரி அதுக்கும் மால போட்டிருப்பீங்க. அதான் வேற ஒருத்தங்கன்னு நெனச்சேன்."

"அத்தைன்னு எப்பிடி தெரியும்?"

"தெரியாது. அப்பா வீட்டுல பொண்ணுன்னா அத்தைதானே?"

அவ்வளவுதான். ஒரு குழந்தை கணக்குப் போட்டுக் கண்டுபிடித்திருக்கிறது. நான் நிம்மதியடைந்திருக்க வேண்டும். ஆனால் அன்று இரவு சாப்பாடு போடும்போது சாதம் வைத்த தட்டிலேயே மறுபடி சாதம் வைத்தேன். ஒன்பது வயதுக் குழந்தை நாங்கள் மறைத்ததை இத்தனை நாளும் சுவரில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதைக் கேட்கக் கூடாது என்பதையும் எங்களைப் பார்த்தே கற்றிருக்கிறது.

மறுநாள் அவள் ஹாலில் அந்த மெட்டைப் பயிற்சி செய்தாள். நான் சமையலறையில் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கடைசிச் சுரம் முடிந்தது. வில்லை இறக்காமல் நின்றாள். அப்போது உள்ளறையிலிருந்து அதே சுரம் வந்தது. மெல்லியதாக, வாயை மூடிக்கொண்டு ஒருவர் பாடுவது போல. அவள் சுரம் அடங்கிய பிறகும் அது இருந்தது.

"அம்மா, அத்தை" என்றாள் மகள். பயமே இல்லை அவள் குரலில்.

நான் ஈரக் கையோடு போய் மாமனாரின் அறை வாசலில் நின்றேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று வரை மகள் வாசிக்கும்போது அறைக் கதவைச் சாத்திக்கொள்பவர் அவர். அன்றிலிருந்து கதவு திறந்தே இருந்தது.

மகளுக்கு ஒத்ததிர்வைப் பற்றிச் சொன்னேன். ஊஞ்சலை உதாரணம் காட்டினேன். ஒழுங்காகக் கேட்டுக்கொண்டாள்.

"சரிம்மா. ஆனா அத்தை வயலினாலதானே கேக்குது?"

அதை நான் எப்படி மறுக்க முடியும்?

பிறகுதான் எனக்கு அந்த முதல் கேள்வி உறைத்தது. கர்நாடக முறையில் சேர்த்த வயலின் என்பதால் ச-ப-ச-ப இருப்பதில் வியப்பில்லை. ஆனால் நம்மவர்கள் பொதுவாக வைக்கும் சுருதியைவிட இந்த மெட்டின் சுருதி உயரமானது. சுவர்ப் பிடில் மிகச் சரியாக அந்த உயரத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் இப்படிப் பேசாது. மாமனார் நடைப்பயிற்சிக்குப் போன ஒரு காலையில் நாற்காலி போட்டு ஏறி அதைப் பார்த்தேன். மேல் பலகையில் தூசி. பிருடைகளில் தூசி இல்லை. ஒரு விரலால் கம்பிகளைத் தொட்டேன். சுத்தமாக இருந்தது சுருதி. நான் சின்ன வயதில் பாட்டு கற்றவள், என் காது பொய் சொல்லாது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் சந்தேகம் வந்து கைபேசியில் சுருதி பார்க்கும் செயலியைப் போட்டுப் பார்த்தேன். அதுவும் அதையேதான் சொன்னது.

கணவரிடம் கேட்டேன். "அப்பாவா இருக்கும். நீ ஏன் இத நோண்டுற?" என்றார். மகளிடம் கேட்டேன். "எனக்கு எட்டாதும்மா, நீங்கதானே பண்றீங்க?" என்றாள். ஆணி உண்மையிலேயே உயரத்தில்தான் இருக்கிறது. நாற்காலி போட்டு ஏறினால் எட்டும் என்று எனக்குத் தோன்றியதை அவளிடம் சொல்லவில்லை.

ஒரு வாரம் தயங்கிய பிறகு மாமனாருக்குக் காபி கொடுக்கும்போது கேட்டுவிட்டேன்.

"மாமா, அந்தப் பிடிலுக்கு நீங்கதான் சுருதி சேக்குறீங்களா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்குச் சுருதி சேக்கத் தெரியாதும்மா. அவ போனதுலேந்து நான் அதுமேல கை வச்சதே இல்ல." பிறகு சுவரைக் காட்டி, "நீதான் பண்றேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். "மனசுக்குள்ள உனக்கு நன்றி சொல்லிக்கிட்டுக் கூட இருந்தேன்."

நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன் பின் இந்த வீட்டில் நடந்ததை நல்லது என்பதா, கெட்டது என்பதா என்று எனக்குப் புரியவில்லை. மாமனார் பேச ஆரம்பித்தார். பயிற்சி முடிந்ததும் பேத்தியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, அத்தை பஸ்ஸில் பிடிலை மடியில் வைத்துக்கொண்டு போனது, முக்கொம்புக்குப் போனபோது குரங்கு அவளுடைய வில்லைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது, எல்லாம் சொன்னார். ஒருநாள் அவள் பெயரையே சொன்னார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கணவர் அப்படியே ஒற்றைச் செருப்போடு நின்றதை நான் பார்த்தேன். அன்று அவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

"அப்பா சிரிச்சு நான் கேட்டு எத்தன வருஷம் ஆச்சு தெரியுமா?" என்று மட்டும் சொன்னார்.

இன்னொரு பக்கம் என் மகள். மெட்டின் கடைசியில் அவள் நிற்கும் நேரம் நாளுக்கு நாள் கூடியது. முன்பு சத்தம் அடங்கும்வரை நின்றாள். இப்போது அடங்கிய பிறகும் நிற்கிறாள். ஒரு வரி வாசிப்பாள், நிறுத்துவாள், தலையைச் சாய்த்துக் கேட்பாள், அடுத்த வரியை வாசிப்பாள். "இன்னைக்கு அத்தை சரியாப் பேசல" என்பாள். ஒருநாள் கொள்ளிடம் பாலத்தில் ரயில் ஹாரன் நீளமாக அடித்தபோது பிடில் தானாக முனகியது. அவள் கதைப் புத்தகத்தை வைத்துவிட்டு எழுந்து ஓடினாள். ரயில் சத்தத்தின் அதிர்வுதான் என்று நான் பின்னால் போய்ச் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், "நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சொன்னது அவள் காதில் விழவில்லை.

தெருவில் விளையாடப் போவது குறைந்தது. சனிக்கிழமை வகுப்பில் அவளிடம் பேசவரும் பெண்களிடம் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிறாள். இதெல்லாம் நான் மிகையாகப் பார்ப்பதாக இருக்கலாம். அவள் சுபாவமே கூச்சம்தான். இருந்தாலும் அவளுக்குத் தூங்கும் முன் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

இதற்கிடையில் குழுவின் கச்சேரி முடிவாயிற்று. இங்கே மேடையிலும் அங்கே திரையிலும் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து வாசிக்கப்போகிறார்கள். அந்த மெதுவான மெட்டை என் மகள் தனியாக வாசித்துத் தொடங்கிவைக்க வேண்டும் என்று தலைவி சொன்னாள். ஒத்திகையில் முதல் வரியை அவள் அழகாக வாசித்தாள். பிறகு நிறுத்தினாள். வில் கம்பியின் மேலேயே இருந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். திரையில் அந்தச் செம்பட்டை முடிப் பெண்ணும் காத்திருந்தாள். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என் மகள் வில்லை இறக்கிவிட்டு, "இங்க பதில் வராது" என்று சொல்லிவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

தலைவி என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போய்க் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அக்கா, நீங்க பயப்படுற அளவுக்கு ஒண்ணுமில்ல. அந்தப் பிடில அவளே வாசிக்கட்டுமே? கையில எடுத்துட்டா அது வெறும் பிடில்தான்னு தெரிஞ்சுடும். அங்கல்லாம் இறந்துபோனவங்க பிடில சும்மா வைக்க மாட்டாங்க, வீட்டுல அடுத்த ஆளு எடுத்து வாசிப்பாங்க."

எனக்கு அது சரியென்று பட்டது. மாமனார் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று நினைத்தேன். அவர் உடனே எழுந்து, ஆணியிலிருந்து பிடிலைத் தானே கழற்றி, வேட்டி நுனியால் தூசியைத் துடைத்துப் பேத்தியிடம் நீட்டினார். பதினைந்து வருடத்துக்கு மேல் தொடாத பொருளை அவர் தொட்டார்.

"எடுத்துக்கடா கண்ணு. மேடைல இத வாசி. அவளுக்கு மேடை கெடைக்கவே இல்ல."

மகள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம் தாத்தா. நான் அதை வாசிச்சா அப்பறம் யாரு பதில் சொல்லுவா?"

மாமனார் பிடிலை மறுபடி ஆணியில் மாட்டினார். அவர் தலையசைத்த விதத்தைப் பார்த்தபோது, அவள் சொன்னது அவருக்கு நியாயமாகப் பட்டது என்று தெரிந்தது. என்னை அதிகம் பயமுறுத்தியது அதுதான்.

அடுத்த நாள் வீட்டில் யாரும் இல்லாதபோது அந்தப் பிடிலின் முன்னால் நாற்காலி போட்டு ஏறினேன். பிருடைகளைச் சற்றே தளர்த்திவிட்டால் போதும். கம்பிகள் கால் சுரம் இறங்கினாலும் அது பேசாது. மகள் ஓரிரு நாள் ஏங்குவாள், பிறகு மறப்பாள், தெருவுக்கு விளையாடப் போவாள். பிருடையில் விரலை வைத்தேன். மாமனாரின் கட்டில் எதிரே இருந்தது. அவர் தினமும் சாய்ந்து உட்காரும் தலையணையில் தலையின் பள்ளம் இருந்தது. அது பேசாமல் போகும் சாயங்காலத்தில் அவர் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். இறங்கிவிட்டேன்.

இன்னொரு யோசனையும் இருக்கிறது. பிடிலை மேடைக்கு எடுத்துப் போய் அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் மாட்டிவைக்கலாம். அவள் வாசிப்பாள், அது பேசும், கச்சேரி நடக்கும். தலைவி அதற்கும் தயாராக இருக்கிறாள். ஆனால் அப்படிச் செய்தால், போகும் இடமெல்லாம் இறந்துபோனவளையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று என் மகளுக்கு நானே சொல்லிக்கொடுத்ததாகிவிடாதா? கணவர், "கச்சேரியே வேணாம், நிப்பாட்டிடு" என்கிறார். நிறுத்தினால் அவள் மற்ற பிள்ளைகளோடு நின்று வாசிக்கும் அந்த ஒரே இடமும் போய்விடும். வீடும் சுவரும் மட்டும் மிஞ்சும்.

இந்த வீட்டில் எதையும் வாயைத் திறந்து சொல்லாமல் இருந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. இப்போது பேசுவது அதைவிட மோசமோ என்று அடுத்த நேரம் தோன்றுகிறது. கச்சேரிக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. ஒரு சாவைப் பற்றிப் பேசாத வீட்டில் குழந்தை வளர்த்தவர்கள், அல்லது அப்படி ஒரு வீட்டில் குழந்தையாக இருந்தவர்கள், இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். அந்தக் கம்பிகளை நான் தளர்த்தலாமா? தளர்த்தினால் அதை மகளிடமும் மாமனாரிடமும் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டுமா? இல்லை, அவள் தானாகக் கேட்டு முடித்து வில்லை இறக்கும்வரை, நானும் அவர்களோடு அந்த அறையில் போய் உட்கார்ந்திருக்க வேண்டுமா?